கேட்டுப் பெறும் அன்பளிப்பு: ஓர் அறவியல் நோக்கு

அன்பளிப்பு என்பது கேளாமற் கிடைப்பது என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். கேட்டுப் பெறுவதற்கு வேறு பெயர்கள் உள்ளன. உதவி, கடன், நன்கொடை, யாசகம் என்பன அவற்றுட் சில. இன்னது வேண்டும், இன்ன விலையில் வேண்டும் என்று கேட்டுப் பெற்றதன் பின்னரும் அதனை அன்பளிப்பு என்றே ஒரு சமுதாயம் அழைக்குமாயின், அங்கு கொடை பற்றிய கருத்தே மாறிவிட்டதெனக் கொள்வதா? அன்றிப் பழைய கருத்தொன்று புதிய வடிவிற் தோன்றுகின்றதெனக் கொள்வதா? மேலைநாட்டுத் திருமண வழக்கமொன்றை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட அமெரிக்காவில் மணம் செய்யவிருக்கும் இருவர் தமக்கு வேண்டிய பொருள்களைப் பட்டியலாக்கிக் கடையொன்றிற் பதிந்து வைப்பர். விருந்தினர் அப்பட்டியலைப் பார்த்துத் தத்தம் வசதிக்கேற்ப ஒன்றை வாங்குவர். வாங்கப்பட்டது பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஒரே வகையான தேநீர்க் கோப்பைகள் மூன்று தொகுதியாக வந்து சேரும் சங்கடம் இதனால் நீங்கும். சிக்காகோ நகரின் மார்சல் பீல்ட் என்னும் பெருங்கடை 1924ஆம் ஆண்டில் இதனை ஒழுங்கானதொரு முறையாக அமைத்தது என்பர். 1993இல் டார்கெட் என்னும் கடைத்தொடர் இப்பட்டியலைக் கணினியில் ஏற்றியது. பட்டியல்கள் பின்னர் இணையத்துக்கு வந்தன. அங்கு வந்ததும் அவை கடையை விட்டே நீங்கத் தொடங்கின. 2006இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஹனிபண்ட் போன்ற தளங்களிற் பதியப்படுவன கோப்பையும் போர்வையுமல்ல. தேனிலவுப் பயணத்தின் செலவுகளே.

உல்லாசக் கப்பற் பயணமாயின் அப்பட்டியல் எவ்வாறிருக்கும் என்பதை யான் நேரிற் கண்டேன். ரொறன்ரோவில் வாழும் எனது சகோதரியின் மகனுடைய திருமண அழைப்பு யாழ்ப்பாணத்திலுள்ள எனது தாயாருக்கு வந்தபோது, அதனைத் தொடர்ந்து இணையமுகவரி ஒன்றும் கைத்தொலைபேசிக்கு வந்தது. தாயாருக்காக யான் அதனைத் திறந்து படித்தேன். கரிபியன் கடலில் ஏழு இரவுப் பயணம். பல்கணியோடு கூடிய அறையில் ஓர் இரவு; அதுவும் நான்கு பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இருவருக்கான ஓர் இராப்போசனம். தீவொன்றில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு. முகமூடி அணிந்து நீரின் கீழ் மீன்களைப் பார்ப்பதற்கான கட்டணம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விலை. விலையின் பக்கத்தில் ஓர் அழகிய படம். மலிவானவை யாவும் எமக்கு முன்னரே எடுக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றுட் குறைந்தது 100 கனடிய டொலர்; எமது நாணயத்தில் இருபதினாயிரம் ரூபாவுக்கு மேல்.

யான் படித்து முடித்ததும் தாயார் கேட்டது ஒன்றே. "அவை கப்பல்லை போறதுக்கு நாங்கள் ஏன் காசு குடுக்கவேணும்? வீட்டுக்கு ஒரு சாமான் கேட்டிருந்தால் சந்தோசமாக் குடுத்திருப்பன்."

இவ்வினாவினுள் உண்மையில் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. கேட்பது தகுமா? பணமாகக் கேட்பது தகுமா? நிலைத்து நில்லாத இன்பமொன்றுக்காகக் கேட்பது தகுமா? மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே இவ்வழக்கம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வெறும் முகச்சுளிப்பாகவோ வெறும் வக்காலத்தாகவோ முடிந்துவிடுகின்றன.

முதலில் கேட்பது பற்றி நோக்குவோம். வள்ளுவர் 'இரவு' என்றோர் அதிகாரமும் அதனை அடுத்தே 'இரவச்சம்' என்றோர் அதிகாரமும் வைத்தார். இரத்தற்குரியாரிடம் இரத்தலில் இழிவில்லை என்பது முன்னதன் போக்கு. எத்தகையாரிடத்தும் இரவாமையின் உயர்வைப் பேசுவது பின்னது. இதனை முரண்பாடு எனக் கொள்வாரும் உளர். கேட்டல் என்னும் செயல் கேட்பவனையும் கேட்கப்படுபவனையும் பொறுத்து வேறுபடும் என்பதற்கான சான்றாகவே எனக்கு அது தோன்றுகின்றது. உரோம நாட்டுச் சிந்தனையாளரான செனெக்கா, நன்மை செய்தல் பற்றி எழுதிய நூலில், கேட்கும்வரை காத்திருந்து கொடுப்பவன் ஏற்கெனவே தாமதித்துவிட்டான் என்னும் கருத்தை வலியுறுத்துவார். கேட்பதன் நாணம் கொடையின் விலையிற் கழிக்கப்பட வேண்டியது என்பது அவர் கணக்கு. இவ்வாறு நோக்குமிடத்து, கேட்டல் இழிவாவது கேட்பவன் நாணுவதனாலேயே. அவன் நாணாதவிடத்து என் செய்வது?

அமெரிக்க மரபு இவ்விடத்தில் ஒரு வேடிக்கையான சமரசத்தைச் செய்திருந்தது. பட்டியல் வைத்திருக்கலாம், ஆயின் அழைப்பிதழில் அதனைக் குறிப்பிடலாகாது என்பது அந்நாட்டு நாகரிக நூலார் நெடுங்காலம் வற்புறுத்தி வந்த விதி. மணமகளின் தாயோ தோழியோ கேட்போருக்கு மாத்திரம் வாய்மொழியாகச் சொல்லவேண்டும். ஆகவே அங்கும் நாணம் இல்லாமலில்லை. அது ஒரு திரையின் பின்னால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. எமது மருமகனும் அழைப்பிதழில் முகவரியை அச்சிடவில்லை. பின்னரே தனியாக அனுப்பினான். அந்த நாணத்தின் எச்சத்தை அதிற் கண்டு யான் ஓரளவு ஆறுதலடைந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டியலுக்குச் சார்பாகப் பொருளியலாளர் கூறும் வாதம் வலிமையானது. யோவெல் வோல்ட்போகல் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1993இல் நத்தார்ப் பரிசுகள் பற்றி ஆய்வுக் கட்டுரையொன்று எழுதினார். பல்கலைக்கழக மாணவரிடம், தாம் பெற்ற பரிசுகளின் விலையையும் அவை தமக்கு எவ்வளவு பெறுமதி என்பதையும் வினவி, பரிசின் விலையிற் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை வீணாகின்றது என அவர் மதிப்பிட்டார். கொடுப்பவர் மற்றவரின் விருப்பத்தைச் சரியாக அறிவதில்லை. ஆகவே வாங்கப்பட்ட பொருள் வாங்கியவர்க்கும் பயனின்றிப் பெற்றவர்க்கும் முழுப்பயனின்றிப் போகின்றது. பட்டியல் இந்த அறியாமையை நீக்குகின்றது. பணம் அதனை முற்றாக நீக்குகின்றது.

இவ்வாதத்திற் குறைகாண்பது எளிதன்று. எனினும் அது ஒன்றை எடுகோளாகக் கொள்கின்றது: கொடையின் பயன் பெறுபவன் துய்க்கும் பொருளிலேயே உள்ளது என்பதே அவ்வெடுகோள். பொருளியலாளரின் கணக்கில் வீணாகிப் போகும் அம்மூன்றிலொரு பங்கிற்றான் கொடுப்பவரின் எண்ணம் இருக்கின்றது. 'இவனுக்கு இது பிடிக்கும்' என ஒருவர் நினைந்து தேடி, பிழையாகவே எண்ணினாலும், ஒன்றைத் தெரிவு செய்கின்றார். அப்பிழையில் அவர் எம்மை எவ்வாறு காண்கின்றார் என்பது தெரிகின்றது. படிப்பிற் சிறிதும் நாட்டமில்லாத எனக்குப் பதினான்காம் வயதில் எனது பெரியதந்தையார் ஓர் அகராதியைத் தந்தார். அன்று அது முழுமையாக வீணான பரிசு. அவர் கண்ட ஆளாக யான் பின்னர் மாற முயன்றேன் என்று சொல்வது மிகையாகும். ஆயின் ஒருவர் என்னை அவ்வாறு கண்டார் என்பதை யான் மறக்கவில்லை. பட்டியல் இத்தகைய பிழைகளுக்கு இடந்தருவதில்லை. பட்டியலிட்டவன் தான் தன்னைக் காணும் வண்ணமே பிறரும் தன்னைக் காணுமாறு ஏற்பாடு செய்கின்றான்.

இங்கு ஒரு காலப் பொருத்தத்தைச் சுட்டலாம். பிரெஞ்சு நாட்டுச் சமூகவியலாளரான மார்சல் மோஸ் கொடை பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1925இல். அதாவது சிக்காகோக் கடை தனது பட்டியலைத் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு. கொடுத்தல், ஏற்றல், மீளக் கொடுத்தல் என்னும் மூன்று கடப்பாடுகள் கொடையிற் பொதிந்துள்ளன என மோஸ் காட்டினார். தன்னிச்சையானது போலத் தோன்றும் கொடை உண்மையிற் கட்டாயமானது; அக்கட்டாயத்தினாலேயே குழுக்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன என்பது அவர் முடிபு. அறுபது எழுபது ஆண்டுகளின் பின்னர் அதே நாட்டுத் தத்துவவாதியான தெரிடா, கொடை கொடையென அறியப்பட்ட கணமே அது கடனாக மாறிவிடுகின்றது என்று வாதிட்டார். அவர் கேட்கும் தூய கொடை மனிதரிடையே நிகழ்வதொன்றன்று. ஆதலால் அவரை விடுத்து மோஸ் காட்டிய வழியிலே செல்வது எமக்கு நன்று.

மோஸின் கண்கொண்டு பார்த்தால், பணம் கொடுப்பதில் இழிவொன்றும் இல்லை என்பது புலனாகும். தமிழ்நாட்டு மொய் இதற்குச் சிறந்த உதாரணம். பந்தலின் வாயிலில் மேசையிட்டு ஒருவர் அமர்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை என்பன பதியப்படும். நூறு என்னாது நூற்றொன்று என ஒரு ரூபா கூட்டி எழுதுவர். கொடுத்தவர் வீட்டில் விழா வரும்போது, வாங்கியவர் பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்து, அதனிலும் சற்றுக் கூட்டிக் கொடுப்பார். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கப்படுகின்றது. அங்கு திருமணம் என்னும் காரணங்கூட வேண்டப்படுவதில்லை. அளவு குறித்துக் கொடுத்து அவ்வளவே திரும்பப் பெறுவதற்குக் குறியெதிர்ப்பை என்றொரு பழஞ்சொல் உண்டு. வறியார்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனையவை எல்லாம் அத்தகைய கொடுக்கல் வாங்கலே என வள்ளுவர் பிரித்ததை நோக்கின், மொய்யை அவர் ஈகையிற் சேர்த்திருக்கமாட்டார் என்பது உறுதி. ஆயின் மொய்யும் தன்னை ஈகை என்று சொல்லிக்கொள்வதில்லை. அதன் நேர்மை அதுவே.

யப்பானியத் திருமணங்களிலும் பணமே கொடுக்கப்படுகின்றது. மடிப்புக் கலையாத புதிய தாள்களை அலங்கார உறையிலிட்டு வாயிலிற் கொடுப்பர். நண்பரொருவர் 30,000 யென் கொடுப்பது பொதுவழக்கு. இரண்டாகப் பிரியாத எண் விரும்பப்படுவதால் 20,000 பெரும்பாலும் தவிர்க்கப்படும். விருந்து முடிந்து போகும்போது விருந்தினர் ஒவ்வொருவருக்கும் பதிற்பரிசு ஒன்று வழங்கப்படும். ஆக, பணம் என்பதனாலேயே ஒரு கொடை உணர்வற்றதாகிவிடும் என்பது உண்மையன்று. எண்ணும் உறையும் தாளின் புதுமையுங்கூடப் பேசக்கூடியன.

அவ்வாறாயின் தேனிலவுப் பட்டியலில் எது எம்மை உறுத்துகின்றது? அதிற் பணம் பணமெனத் தோன்றுவதில்லை என்பதே எனது எண்ணம். விருந்தினர் 'நீரின் கீழ் மீன் பார்த்தல்' என்பதைத் தெரிவு செய்து கடனட்டையால் விலையைச் செலுத்துகின்றார். ஆனால் இத்தகைய தளங்கள் பலவற்றில் அங்கு எந்தச் சீட்டும் வாங்கப்படுவதில்லை. பணம் மணமக்களின் கணக்கிற் சேர்கின்றது. இடையிற் சிறு வீதமொன்று கட்டணமாகக் கழிக்கப்படுவதும் உண்டு. அப்பணத்தை அவர்கள் மீன் பார்ப்பதற்கும் செலவிடலாம். வீட்டு வாடகைக்கும் செலவிடலாம். கப்பற் பயணத்தில் இக்கற்பனை இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. பெருங்கப்பல்களின் பொதுப் போசனசாலையில் உணவு பயணக் கட்டணத்திலேயே அடங்கியுள்ளது. தனிச்சிறப்பான சில உணவகங்களுக்கே மேலதிகப் பணம் கொடுக்கவேண்டும். எனவே 'இருவருக்கான இராப்போசனம்' என்று பட்டியலில் எழுதப்படுவது, ஏற்கெனவே விலை கொடுக்கப்பட்டதொன்றை மீண்டும் விற்பதாகவும் இருக்கலாம்.

மொய் எழுதுபவர் கடனை மறைப்பதில்லை. யப்பானியர் பணத்தை உறையிலிட்டாலும் பணமென்பதை மறைப்பதில்லை. இங்கோ பணம் ஓர் அனுபவமாக வேடமிடுகின்றது. ஏன்? பணமாகக் கேட்பதற்கு மணமக்கள் நாணுகின்றனர். பணமாகக் கொடுப்பதற்கு விருந்தினரும் கூசுகின்றனர். மேலே சொன்ன திரை அகற்றப்படவில்லை. அதன் மீது கடலும் மீன்களும் வரையப்பட்டுள்ளன, அவ்வளவே.

இவ்வழக்கம் தோன்றியதற்கு நியாயமான சமூகக் காரணமொன்றுண்டு. அதனை மறைப்பது முறையன்று. 1920இல் அமெரிக்க ஆண் முதன்முதலாக மணம் செய்யும் இடைநிலை வயது ஏறத்தாழ 24½. பெண்ணுக்கு ஏறத்தாழ 21. 2023இல் அது முறையே 30ஐயும் 28ஐயும் தாண்டிவிட்டது. பெற்றோர் வீட்டிலிருந்து நேரே புதுக்குடித்தனம் புகுந்த அன்றைய இளையோருக்குச் சட்டியும் துணியும் தேவைப்பட்டன. இன்று மணம் செய்வோரிற் பலர் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர். பலர் ஏற்கெனவே ஒன்றாகவே வாழ்பவர். அவர்களது சமையலறையில் இரண்டு கேத்தில்கள் இருக்கின்றன. மூன்றாவதை ஏன் கேட்கவேண்டும்?

இதனிலும் சுவையானது தேனிலவின் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய மேல்வகுப்பினரிடையே மணமக்கள் மேற்கொண்ட பயணம் பல வேளைகளில் உறவினரை நாடிய பயணமாகவே இருந்தது. திருமணத்துக்கு வர இயலாதவர் வீடுகளுக்கு மணமக்களே சென்று தங்கினர். சில வேளை குடும்பத்தாரும் உடன் சென்றனர். அன்று அப்பயணத்திற்கு உறவினர் அளித்த கொடை யாதெனின், தம் வீட்டில் இடமும் உணவுமாகும். புகையிரதமும் பயண முகவரும் பெருகப் பெருக அப்பயணம் உறவினரை விட்டு விலகிச் செல்லும் பயணமாயிற்று. இன்று கப்பல் அதன் உச்சநிலை. அங்கு எந்த உறவினரும் எட்டமுடியாத நடுக்கடலில் இருவரும் பல்லாயிரம் அந்நியரோடு தனித்திருக்கின்றனர். உறவினர் இப்போதும் உணவளிக்கின்றனர்; ஆனால் தம் கையால் அன்று. ஒரே கொடை தன் திசையை மாற்றிக்கொண்டுள்ளது. வீட்டுக்கு வா என்று சொல்லிக் கொடுத்தது, தூரப் போய் வா என்று சொல்லிக் கொடுப்பதாக ஆகியுள்ளது. 'வீட்டுக்கு ஒரு சாமான் கேட்டிருந்தால்' என்று தாயார் சொன்னபோது அவர் குறித்தது இதனையே என்று யான் நினைக்கின்றேன்.

கப்பலைப் பற்றிய பேச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். பெரிய கப்பற் கம்பனிகள் பலவற்றில், ஊழியர்க்குரிய சன்மானம் எனப் பயணி ஒவ்வொருவரிடமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டொலர் வரை கணக்கிற் தானாகவே சேர்க்கப்படுகின்றது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை செய்வோர் அங்கு பலர். பயணி விரும்பி மகிழ்ந்து கொடுப்பது என்பதே சன்மானத்தின் பொருள். அது கட்டணச்சீட்டில் ஒரு வரியாக வருகின்றது. மணமக்களின் இன்பத்துக்குக் கொடை என்னும் வேடத்தில் விலை கொடுக்கப்படுகின்றது. அவர்க்குப் பரிமாறுவோனின் ஊதியமும் கொடை என்னும் வேடத்திலேயே வந்து சேர்கின்றது. கொடை என்னும் சொல் இக்காலத்தில் எத்தனை இடங்களில் வேலை செய்ய வேண்டியுள்ளது!

நிலைத்து நில்லாமை பற்றிய மூன்றாவது வினாவுக்கு வருவோம். பொருள் நிற்கும், பயணம் போய்விடும் என்னும் எண்ணம் எம்மவரிடம் ஆழமானது. யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். தாயார் 1964இல் மணம் செய்தபோது கிடைத்தவை அனைத்தும் நிலைக்கத்தக்கவை. பித்தளைக் குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு, ஆறு மூக்குப்பேணிகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கொடுத்தவரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. அவற்றோடு ஒரு கொப்பியும் இருந்தது. யார் யார் என்ன தந்தனர் என்பது அதிலே பதியப்பட்டிருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு இறங்கியபோது அவர் எடுத்துச் சென்றது இரண்டு துணிப்பைகளை மாத்திரமே. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் யன்னல்களும் இருக்கவில்லை. பித்தளை ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொப்பியும் போயிற்று.

அவர் புதிய கொப்பியொன்றை வாங்கி நினைவிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பெற்ற மூக்குப்பேணிகளில் எது கொக்குவில் மாமி தந்தது, எது பக்கத்து வீட்டு ஆசிரியர் தந்தது என்பதெல்லாம் அதில் உள்ளது. பொருள் எதுவும் கையிலில்லை. தந்தவர் பலர் உலகிலேயே இல்லை. அவர்தம் பிள்ளைகளின் திருமணங்களுக்கு அக்கொப்பியைப் பார்த்தே அவர் இன்றும் கொடுக்கின்றார். எனவே பித்தளை நிலைத்தது, கடற்பயணம் நிலையாதது என்று அவருடைய வாழ்வை வைத்துக்கொண்டு எம்மால் வாதிட முடியாது. நிலைத்தது பொருளன்று. யார் தந்தது என்னும் நினைவும் அதற்குக் கட்டுப்பட்டிருத்தலுமே நிலைத்தன. கோப்பையும் கப்பலும் இவ்வகையில் ஒரே தரத்தன. பெற்றவன் தந்தவரை நினைவில் வைத்திருப்பானா என்பதே கேள்வி.

இதனாற் பட்டியலின் மீது யான் வைக்கும் குற்றச்சாட்டு முன்னரிலும் குறுகியது; ஆயின் கூரியது. கேட்டது குற்றமன்று, பணமானதும், கரைந்து போவதும் குற்றமன்று. விலைகளை வரிசையாக வைப்பதால் விருந்தினர் தம்மைத் தாமே தரம்பிரித்துக்கொள்ள நேர்கின்றது. வசதி குறைந்தவர் முந்திக்கொள்ளாவிடின் தம் வலுவுக்கு மேற்பட்டதை எடுக்கவேண்டியுள்ளது. இது முதலாவது. மொய்யிலே தொகையைக் கொடுப்பவரே தீர்மானிக்கின்றார் என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். பெயரிட்டுப் பெற்றதை அப்பெயரோடு பிணைந்திராத பணமாகப் பெற்றுக்கொள்வது இரண்டாவது. தந்தவர் 'இராப்போசனம்' தந்தேன் என்று நினைத்திருக்க, பெற்றவர் ஒரு தொகை வந்ததென்று நினைப்பாராயின், இருவர் நினைவும் இரு வேறு நிகழ்ச்சிகளைப் பற்றியன. கொடை நிகழ்ந்ததா என்றே அப்போது ஐயுறவேண்டும்.

தாயார் ஈற்றில் இராப்போசனத்தையே தெரிவு செய்தார். அறையில் நாலிலொரு பங்கைக் கொடுப்பது அவருக்கு விளங்கவில்லை. மீன் பார்ப்பதற்குக் காசு கொடுப்பது அவருக்குச் சிரிப்பாயிருந்தது. சாப்பாடென்றால் அது ஒரு கொடை என்றார். அது கப்பற் கட்டணத்துள் ஏற்கெனவே அடங்கியதாக இருக்கக்கூடும் என்பதை யான் அறிந்திருந்தும் சொல்லவில்லை.

திருமணம் முடிந்து மூன்று வாரங்களின் பின் தொலைபேசிக்கு ஒரு புகைப்படம் வந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை, இரண்டு தட்டங்கள், யன்னலுக்கப்பால் இருண்ட கடல். "அம்மம்மா, இது நீங்கள் தந்த சாப்பாடு" என்று கீழே எழுதியிருந்தது. மறுநாள் மருமகனோடு பேசியபோது, ஓர் ஆசிரியனுக்கே உரிய அற்பத்தனத்தோடு, அந்தப் போசனத்துக்குத் தனியாகக் காசு கட்டவேண்டியிருந்ததா என்று கேட்டேன். "இல்லை மாமா, அது ரிக்கற்றுக்குள்ளேயே வந்தது. ஆனா ஒரு நாளைக்கு இது அம்மம்மாவின்ரை எண்டு சொல்லிப்போட்டுத்தான் இருந்து சாப்பிட்டனாங்கள்" என்றான்.

அப்பதில் எனது வாதத்தைச் சற்று அசைத்தது. பட்டியலிலுள்ள பெயரை யான் ஒரு பொருளின் பெயராகக் கொண்டிருந்தேன். அப்பொருள் அங்கில்லாமையால் அதனைப் பொய் என்றேன். ஆனால் அதனை வாக்குறுதி ஒன்றாகவும் கொள்ளலாம். 'நீர் தரும் பணத்தை யான் இந்த நேரமாக நினைந்து துய்ப்பேன்' என்பதே அவ்வாக்குறுதி. வாக்குறுதி சொல்லும்போது மெய்யுமன்று, பொய்யுமன்று. பின்னர் காக்கப்படுகின்றது, அல்லது கைவிடப்படுகின்றது. கைவிடப்படுவதே பெரும்பாலும் நிகழும் என்னும் எனது ஐயம் இன்னும் நீங்கவில்லை. நூறு விருந்தினர் நூறு வரிகளைத் தெரிவு செய்யுமிடத்து, எந்த மணமக்கள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மேசையில் அமர்ந்து ஒருவர் பெயரைச் சொல்லப் போகின்றனர்? எந்தத் தளமும் அதனைக் கேட்பதில்லை. வாக்குறுதி அளித்தவனுக்கே தான் அளித்தது தெரிந்திருப்பதில்லை. எனினும் மருமகன் அதனைத் தெரிந்திருந்தான்.

தாயார் படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். சோறு ஏன் இல்லை என்று கேட்டார். பின்னர் கொப்பியை எடுத்து வரச் சொல்லி, தம் கை நடுங்குவதால் என்னையே எழுதுமாறு பணித்தார். கொடுத்தவற்றின் பக்கத்தில், கடந்த ஆவணியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த குத்துவிளக்குக்குக் கீழே, பேரனின் பெயரையும் திகதியையும் எழுதினேன். தொகையை எழுத முற்பட்டபோது தடுத்தார். "கப்பலிலை ஒரு இராச் சாப்பாடு எண்டு மட்டும் போடு" என்றார்.